கண்டெடுப்பும் கடனும்

மறதி மனித இயல்பு. ஆயினும் கலையுலகில் ஒருவரை 'மறக்கப்பட்டவர்' என்று குறிப்பிடும்போது அச்சொல்லின் இலக்கணத்தைச் சற்றே கூர்ந்து நோக்குதல் வேண்டும். மறந்தவர் யார் என்பதை அச்சொல் கூறுவதில்லை. ஒரு பாடகரின் இசைத்தட்டைக் கடைகளுக்கு அனுப்பாதவர், வானொலியில் ஒலிக்கவிடாதவர், விற்ற பணத்துக்குக் கணக்குக் காட்டாதவர் ஆகிய அனைவரும் அந்த ஒரு சொல்லின் பின்னே ஒளிந்துகொள்கின்றனர். பழி காலத்தின் மீது விழுகிறது. காலமோ எந்த நீதிமன்றத்திலும் வந்து நிற்பதில்லை.

அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசை வெளியீடுகளைக் கடந்த இருபத்தைந்து ஆண்டுகளாகக் கவனித்து வருவோர்க்கு இரண்டு போக்குகள் தெளிவாகத் தெரியும். ஒன்று, 1960களிலும் 1970களிலும் சிறு நகரங்களில் பதிவாகி, சில நூறு படிகளோடு நின்றுபோன 'ஸோல்' இசைத்தட்டுகளைத் தேடியெடுத்து மீண்டும் வெளியிடுவது. மற்றொன்று, ஜாஸ் இசையில் புதிய பதிப்புகள் பெருகி, இளைஞர் கூட்டத்தை ஈர்ப்பது. இவ்விரண்டும் ஒரே கடைத்தட்டில் அடுத்தடுத்து வைக்கப்படுகின்றன. பல வேளைகளில் ஒரே நிறுவனத்தாலேயே வெளியிடப்படுகின்றன. பழையது கண்டெடுக்கப்பட்டது என்றும் புதியது படைக்கப்பட்டது என்றும் விமர்சகர்கள் எழுதுகின்றனர். இப்பிரிவினை எவ்வளவு பொருந்தும், இதனால் மறைவது என்ன என்பவற்றை ஆராய்வதே நம் நோக்கம்.

இசையைப் பற்றி நம் மார்க்க அறிஞரிடையே நெடுங்காலமாகக் கருத்து வேறுபாடு உண்டு. அவ்வழக்கை ஈண்டு நாம் தீர்க்க வரவில்லை. உழைப்பு, உடைமை, அமானிதம் என்னும் மூன்றும் இவ்விசையின் வரலாற்றில் பின்னிக் கிடப்பதால் இதனை நாம் பேச வேண்டியவர்களாகிறோம். மேலும் இவ்விசையின் வேரில் நம் சமுதாயத்தவரின் கண்ணீரும் கலந்துள்ளது. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்டவருள் முஸ்லிம்கள் பலர் இருந்தனர். அவர்களுள் ஒருவரான உமர் இப்னு ஸயீத், 1807இல் அமெரிக்கக் கரையில் இறக்கப்பட்டவர். 1831இல் தம் வாழ்க்கை வரலாற்றை அரபு மொழியில் எழுதினார். தொடக்கத்தில் அவர் எழுதியது 'அல்முல்க்' அத்தியாயம். முல்க் என்பது ஆட்சியையும் உடைமையையும் குறிக்கும் சொல். தம்மை உடைமையாக வைத்திருந்தவர்களின் நாட்டில் உட்கார்ந்து, உடைமை எவனுடையது என்பதை அவர் எழுதி வைத்தார். அந்த ஏடு நெடுங்காலம் காணாமற்போய் 1995இல் வெளிப்பட்டது. 2017இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் அதனை வாங்கிக் காத்து வருகிறது.

ஆய்வாளர் சில்வியான் தியூஃப், கறுப்பின உழைப்பாளர் வயல்களில் எழுப்பிய நெடிய கூவல்களுக்கும் பாங்கோசைக்கும் உள்ள ஒற்றுமையைச் சுட்டிக் காட்டியுள்ளார். ஓர் அசையைப் பல சுரங்களில் நீட்டி இழுத்துச் செல்லும் முறை இரண்டிலும் உண்டு. ஒற்றுமை வேறு, முடிந்த சான்று வேறு என்பதை நாம் அறிவோம். எனினும் அக்கூவலிலிருந்து புளூஸும், தேவாலயப் பாடலும், அவற்றின் வழியே ஸோலும் ஜாஸும் தம் உயிர்ப்பைப் பெற்றன என்பதில் ஐயமில்லை. தேவாலயத்தில் இறைவனை நோக்கிப் பாடிய குரல், அதே நெகிழ்ச்சியோடு உலக வாழ்வைப் பாட முற்பட்டபோது ஸோல் பிறந்தது. 1954இல் ரே சார்ல்ஸ் அவ்வழியைத் திறந்தார். 1957இல் சாம் குக் தேவாலயக் குழுவை விட்டு அவ்வழியே நடந்தார். ஸோல் என்பதற்கு ஆன்மா என்பது பொருள்.

இனிக் குறிப்பிட்ட இசைத்தட்டுகளுக்கு வருவோம். மிசிசிப்பி மாநிலத்தில் அபர்டீன் என்று ஒரு சிற்றூர் உண்டு. அவ்வூர்ப் பிரௌன் குடும்பத்துப் பிள்ளைகளான ஆனி, ஆர். சி., எட்வர்ட் ஆகியோர் பதின்பருவத்திலேயே 'ஸ்டேப்பிள்ஸ் ஜூனியர் சிங்கர்ஸ்' என்ற பெயரில் ஒரு குழுவாகப் பாடினர். அந்நாளில் புகழோடு விளங்கிய ஸ்டேப்பிள் சிங்கர்ஸ் குழுவின் மீது கொண்ட பற்றினால் அப்பெயரைச் சூடிக்கொண்டனர். 1975இல் டூப்பலோ நகரில் ஓர் இசைத்தட்டுப் பதிவு செய்தனர். அதே டூப்பலோவில்தான் 1935இல் எல்விஸ் பிரெஸ்லி பிறந்தார். கறுப்பினத்தாரின் பாட்டைக் கேட்டு வளர்ந்த அவர் உலகச் செல்வராக உயர்ந்தார். பிரௌன் குடும்பத்துப் பிள்ளைகளோ அச்சிட்ட சில நூறு படிகளைக் கச்சேரிகளிலும் தம் வீட்டு முற்றத்திலும் வைத்துத் தாமே விற்றனர். அத்தட்டின் பெயர் 'வென் டூ வீ கெட் பெய்ட்'. எங்களுக்குக் கூலி எப்போது என்பது அதன் பொருள்.

லுவாக்கா பாப் என்னும் நிறுவனம் 1988இல் டேவிட் பர்ன் என்ற இசைக்கலைஞரால் நியூயார்க்கில் தொடங்கப்பட்டது. அது 2019இல் வெளியிட்ட ஒரு தொகுப்பில் இக்குழுவின் பாடல் ஒன்று இடம்பெற்றது. 2022இல் முழு இசைத்தட்டும் மறுபதிப்பாயிற்று. கேள்வி எழுந்து நாற்பத்தேழு ஆண்டுகள் கழித்து அது உலகின் காதில் விழுந்தது.

அத்தட்டைப் பொறுமையாகக் கேட்போர்க்குச் சில உண்மைகள் புலப்படும். ஆனியின் குரலில் குழந்தைமையும் முதுமையும் ஒருங்கே இருக்கின்றன. கிட்டார் தயக்கமின்றிக் கூர்மையாக ஒலிக்கிறது. அது குரலுக்குப் பின்னணியாக ஒதுங்காமல் குரலோடு உரையாடுகிறது. வரிகள் திரும்பத் திரும்ப வரும்போது பொருள் தேய்வதில்லை; திக்ரில் ஒரே சொல் மீண்டும் மீண்டும் ஒலிக்க உள்ளம் ஆழ்வது போன்ற அனுபவம் அது. அவர்கள் பாடுவது கிறித்துவ வழிபாட்டுப் பாடல். நம் நம்பிக்கைக்கும் அதற்கும் உள்ள வேறுபாடு தெளிவானது. ஆனால் அநீதிக்கு ஆளானவர் தம் முறையீட்டைப் படைத்தவனிடம் கொண்டு செல்லும் அந்தப் பாங்கினை நாம் அறியாதவரல்லர்.

இத்தட்டைப் பற்றி எழுதியோருள் சிலர், அதன் ஒலிப்பதிவு கரடுமுரடாக இருப்பதே அதன் அழகு என்று பாராட்டியுள்ளனர். இதனை நாம் ஏற்பதற்கில்லை. ஒலி மெலிந்திருப்பதற்குக் காரணம், நல்ல பதிவுக்கூடத்தில் இன்னும் சில நாட்கள் தங்கப் பணம் இல்லாமற்போனமையே. அந்த வறுமையை அழகென்று போற்றினால், வறுமைக்குக் காரணமானவரையும் சேர்த்தே போற்றியவராவோம். கந்தையணிந்த புலவனின் கவிதையைப் போற்றலாம். கந்தையைப் போற்றுவது முறையன்று. அப்பிள்ளைகளின் கலை அந்த மெலிந்த ஒலியையும் மீறி நிற்பதனால் பெரிது.

கூலி பற்றிய கேள்வியை வெறும் உருவகமாகக் கொள்ளலாகாது. இசைத்தொழிலில் ஒரு பாட்டின் மீது இரண்டு உரிமைகள் உண்டு. பாட்டை இயற்றியவரின் உரிமை ஒன்று. அதனைப் பாடிப் பதிவு செய்த ஒலியின் மீதான உரிமை மற்றொன்று. அமெரிக்காவில் சாதாரண வானொலி நிலையங்கள் ஒரு பாட்டை ஒலிபரப்பினால் இயற்றியவர்க்குப் பணம் தருகின்றன, பாடியவர்க்குத் தருவதில்லை. 1972 பிப்ரவரி 15ஆம் நாளுக்கு முன் பதிவான ஒலிகள் அந்நாட்டின் மைய அரசுப் பதிப்புரிமைச் சட்டத்திற்குள்ளேயே வரவில்லை. 2018இல் இயற்றப்பட்ட ஒரு சட்டமே அவற்றுக்குக் குறைந்த அளவு பாதுகாப்பளித்தது. ஸோல் இசையின் பொற்காலம் எனப்படும் ஆண்டுகளில் பெரும்பகுதி இந்த நாளுக்கு முற்பட்டது என்பதை நேயர்கள் நினைவிற்கொள்ள வேண்டும்.

இதற்குச் சிகாகோ நகரத்துப் பாடகர் சில் ஜான்சனின் வாழ்வே சான்று. 1936இல் மிசிசிப்பியில் பிறந்த இவர், 1967இல் 'டிஃபரண்ட் ஸ்ட்ரோக்ஸ்' என்ற பாட்டையும், 1969இல் 'இஸ் இட் பிகாஸ் ஐ'ம் பிளாக்' என்ற பாட்டையும் பாடினார். நான் கறுப்பன் என்பதாலா என்று கேட்ட அப்பாட்டின் சோகம் இன்றும் நெஞ்சைத் தைப்பது. ஆனால் இவருடைய புகழ் சிகாகோ எல்லையைத் தாண்டிப் பெரிதாக வளரவில்லை. பின்னர் மீன் உணவுக் கடைகள் நடத்தி வாழ்ந்தார். அவர் குரலின் துணுக்குகளை ராப் இசைக்கலைஞர் பலர் வெட்டியெடுத்துத் தம் தட்டுகளில் பயன்படுத்திக்கொண்டனர். உலகம் அவரை மறந்துவிட்டது என்று எழுதப்பட்ட அதே ஆண்டுகளில் அவர் குரல் கோடிக்கணக்கானோர் செவிகளில் ஒலித்துக்கொண்டிருந்தது! குரல் வேண்டியிருந்தது, குரலுக்குரியவர் வேண்டப்படவில்லை. அவர் வழக்குத் தொடுத்தே தம் பங்கைக் கேட்க வேண்டியிருந்தது. 2010இல் சிகாகோவின் நியூமரோ குரூப் நிறுவனம் அவருடைய பழைய பதிவுகளைப் பெருந்தொகுப்பாக வெளியிட்டது. கிராமி பரிசுக்கும் அது பரிந்துரைக்கப்பட்டது. அப்போது அவருக்கு எழுபத்து மூன்று அகவை கடந்திருந்தது. 2022 பிப்ரவரியில் அவர் மறைந்தார்.

எனவேதான் கண்டெடுப்பு என்ற சொல்லை நாம் எச்சரிக்கையோடு கையாள்கிறோம். வழியில் கிடக்கும் பொருளைக் கண்டெடுத்தவன் உரியவரைத் தேடி அறிவிக்க வேண்டும் என்பது நம் சட்ட நூல்கள் கூறும் முறை. கண்டெடுத்த மாத்திரத்திலே அது அவனுடைமை ஆகிவிடாது. அது அவன் கையில் அமானிதம். மறுபதிப்பு நிறுவனங்களுள் நல்லவை இம்முறையை அறிந்திருக்கின்றன. பாடியவரையோ அவர் வாரிசுகளையோ தேடிச் சென்று, ஒப்பந்தம் எழுதி, பங்கைக் கொடுத்து, வரலாற்றையும் விளக்கமாக அச்சிடுகின்றன. அல்லாதவை பழைய தட்டு ஒன்றை வாங்கி அப்படியே நகலெடுத்து விற்கின்றன. கேட்பவர் காதுக்கு இரண்டும் ஒன்றாகவே ஒலிக்கும். வேறுபாட்டை எடுத்துரைப்பது விமர்சகரின் கடமை. பெரும்பாலோர் அதனைச் செய்வதில்லை.

இனி ஜாஸுக்கு வருவோம். ஸ்டேப்பிள்ஸ் ஜூனியர் சிங்கர்ஸை மறுபதிப்புச் செய்த அதே லுவாக்கா பாப் நிறுவனம், 2021 மார்ச்சில் 'பிராமிசஸ்' என்ற புதிய ஜாஸ் படைப்பை வெளியிட்டது. 1940இல் ஆர்க்கன்சா மாநிலத்தில் பிறந்த சாக்சபோன் கலைஞர் ஃபேரோ சாண்டர்ஸும், ஃப்ளோட்டிங் பாயிண்ட்ஸ் என்று பெயர் பூண்ட ஆங்கிலேய இளைஞர் சாம் ஷெப்பர்டும், லண்டன் சிம்பனி இசைக்குழுவும் சேர்ந்து படைத்தது அது. ஒன்பது பகுதிகள், நாற்பத்தாறு நிமிடம்.

சாண்டர்ஸின் பெயர் நம் நேயர்க்கு வியப்பூட்டலாம். ஃபேரோ என்பது நாம் பிர்அவ்ன் என்று வழங்கும் அதே பெயர். அப்பெயரைத் தாங்கிய ஒருவர் 1967இல் வெளிவந்த தம் இசைத்தட்டுக்கு 'தவ்ஹீத்' என்று பெயரிட்டார்! 1969இல் பதிவான 'ஜுவல்ஸ் ஆஃப் தாட்' என்ற தட்டில் அல்லாஹ்வின் திருநாமத்தைத் தலைப்பிலேயே கொண்ட நீண்ட படைப்பு ஒன்று உண்டு. அதில் முரசு வாசித்தவருள் ஒருவர் இத்ரீஸ் முஹம்மது. நியூ ஆர்லியன்ஸில் லியோ மோரிஸ் என்ற பெயரில் பிறந்து இஸ்லாத்தைத் தழுவிய இவர், ஸோல் பாடகர்க்கும் ஜாஸ் மேதைகளுக்கும் ஒரே கையால் தாளம் அளித்தவர். இரண்டு இசைகளும் வேறு வேறு என்பாரை மறுக்க இவர் ஒருவரே போதும்.

இங்கே நம் பக்கத்துக் குறை ஒன்றையும் சொல்லித்தான் ஆக வேண்டும். இத்தகைய பெயர்களைக் கண்டதும் 'இவர் நம்மவர்' என்று பட்டியலிட்டு மகிழ்வது நம் ஏடுகளில் ஒரு வழக்கம். ஆர்ட் பிளேக்கி, யூசுப் லத்தீஃப், அஹ்மத் ஜமால் என்று அப்பட்டியல் நீளும். அவர்கள் இஸ்லாத்தை ஏற்றதும் உண்மை, அது நமக்கு மகிழ்ச்சி தருவதும் உண்மை. ஆனால் அவர்தம் இசையைக் கேளாமல் பெயரை மட்டும் எடுத்துக்கொள்வது, குரலைக் கேட்டுக் குரலுக்குரியவரை விட்டுவிட்ட வணிகரின் செயலுக்கு மறுபுறம். சாண்டர்ஸை நாம் நம் பட்டியலில் சேர்க்கவில்லை. அவர் தேடினார்; தேடலுக்குத் தவ்ஹீத் என்ற சொல் அவருக்குத் தேவைப்பட்டது. அவ்வளவே நாம் அறிந்தது, அதுவே போதுமானது.

'பிராமிசஸ்' படைப்பில் ஏழு சுரங்களாலான சிறு தொடர் ஒன்று தொடக்கத்திலிருந்து திரும்பத் திரும்ப வருகிறது. ஒவ்வொரு முறையும் அது முடிந்தபின் சிறு மௌனம். அந்த மௌனத்தில் சாண்டர்ஸின் சாக்சபோன் நுழைகிறது. 1960களில் அலறலும் முழக்கமுமாய்ச் செவிகளை அதிர வைத்தவர், எண்பதை எட்டும் பருவத்தில் ஒரு சுரத்தை ஊதிவிட்டு அது அடங்கும் வரை காத்திருக்கிறார். நான்காம் பகுதியில் கருவியை விடுத்து, சொல்லில்லாமல் வாயாலேயே முனகுகிறார். ஸோல் பாடகரின் குரலுக்கும் ஜாஸ் கலைஞரின் கருவிக்கும் இடையே இருந்த திரை அங்கே விலகிவிடுகிறது. நம் மதிப்பீட்டில் முழுப் படைப்பின் சிகரம் அந்தச் சில நொடிகளே.

குறையும் உண்டு. ஆறாம் பகுதியில் நரம்பிசைக் கருவிகள் பெருவெள்ளமாய் எழும்போது சாண்டர்ஸ் ஒதுங்க நேர்கிறது. அந்த எழுச்சி அழகானதே. ஆனால் இத்தகைய எழுச்சியைத் தர உலகில் இசைக்குழுக்கள் பல உண்டு, சாண்டர்ஸ் ஒருவரே. ஏழு சுரத் தொடரும் மாற்றமின்றி வருவதால் சிலவிடங்களில் முதியவரின் மூச்சுக்கு வேலியாகிவிடுகிறது. இளைஞர் ஷெப்பர்டின் பணிவு போற்றத்தக்கது. எனினும் இன்னும் கொஞ்சம் இடம் விட்டிருக்கலாம் என்பதே நம் கருத்து. 2022 செப்டம்பரில் சாண்டர்ஸ் மறைந்தார். விட்டிருக்கக்கூடிய இடம் இனி நிரம்பப்போவதில்லை.

இப்புதிய படைப்பை ஜாஸின் நிகழ்காலம் என்றும், ஸ்டேப்பிள்ஸ் ஜூனியர் சிங்கர்ஸை ஸோலின் இறந்தகாலம் என்றும் கூறுவது பொருந்துமா? 2023இல் அதே நிறுவனம் சாண்டர்ஸ் 1976இல் பதிவு செய்து 1977இல் வெளியான 'ஃபேரோ' என்னும் தட்டை மறுபதிப்புச் செய்தது. அதில் 'ஹார்வெஸ்ட் டைம்', அறுவடைக் காலம் என்ற நீண்ட படைப்பில் அவருடைய மனைவி பெத்ரியா ஹார்மோனியம் வாசிக்கிறார். அந்த நீண்ட, அமைதியான ஒலியைக் கேட்டபின் 'பிராமிசஸ்' கேட்டால், 2021இல் புதுமை எனக் கொண்டாடப்பட்ட மௌனம் 1976லேயே முளைவிட்டிருந்தது தெரியும். ஜான் கோல்ட்ரேன் 1963 மார்ச் 6ஆம் நாள் பதிவு செய்த இசையும் 2018இல்தான் தட்டாக வெளிவந்து புதுநூல் போல் விற்பனையாயிற்று. அதன் நாடாவைக் காத்தவை நிறுவனத்தின் கிடங்குகள் அல்ல. அவருடைய முதல் மனைவியும் இஸ்லாத்தைத் தழுவியவருமான நயீமாவின் குடும்பத்தாரிடம் ஒரு படி பத்திரமாக இருந்தது. பெரிய நிறுவனம் தொலைத்ததை ஒரு பெண்மணியின் வீடு காப்பாற்றியது. அமானிதம் என்பதற்கு இதனினும் விளக்கம் வேண்டுமோ?

'தம் காலத்தை முந்திப் பிறந்தவர்' என்று விமர்சகர்கள் எழுதும் மற்றொரு தொடரும் இவ்விடத்தில் ஆராயத்தக்கது. ஷக்கி ஓட்டிஸ் என்பவர் 1974இல் பெரும்பாலான கருவிகளைத் தாமே இசைத்து 'இன்ஸ்பிரேஷன் இன்ஃபர்மேஷன்' என்ற தட்டை அளித்தார். அது விற்பனையாகவில்லை, நிறுவனம் அவரைக் கைவிட்டது. 2001இல் லுவாக்கா பாப் அதனை மறுபதிப்புச் செய்தபோது, காலத்தை முந்தியவர் என்ற புகழ்மாலை அவர் கழுத்தில் விழுந்தது. ஆனால் அவர் 1971இல் பாடி வெளியிட்ட 'ஸ்ட்ராபெரி லெட்டர் 23' என்ற பாட்டை, 1977இல் மற்றொரு குழு பாடிப் பெருவெற்றி ஈட்டியதே! ஆறே ஆண்டுகளில் உலகம் ஏற்றுக்கொண்ட பாட்டின் ஆசிரியர் காலத்தை முந்தியவர் ஆவது எப்படி? காலம் அவரைப் புரிந்துகொண்டது. வணிகம்தான் அவருக்கு இடம் தரவில்லை. அவர் பெயரில் அடுத்த புதுப்பாடல்கள் 2013இல்தான் வெளிவந்தன. கலைஞரின் வாழ்வில் முப்பத்தொன்பது ஆண்டுகள் வெற்றிடம். எந்த மறுபதிப்பும் அதனைத் திருப்பித் தராது.

ஆகவே ஒரு கண்டெடுப்பை மதிப்பிட இரண்டு அளவுகோல்களை நாம் முன்வைக்கிறோம். பாடியவர்க்கு அவர் பங்கு சென்றதா என்பது முதலாவது. மீண்டும் பாட அவருக்கு வாய்ப்புக் கிடைத்ததா என்பது இரண்டாவது. பழைய தட்டை மட்டும் பளபளப்பாக்கி வைத்துக் கலைஞரை அதன் பக்கத்தில் பொம்மையாக நிறுத்துவது பாதிக் கடனைத் தீர்ப்பது போன்றது.

இவ்வளவுகோலின்படி ஸ்டேப்பிள்ஸ் ஜூனியர் சிங்கர்ஸ் பற்றிய பிற்செய்தி மனநிறைவு தருகிறது. 2024 ஜூனில் அவர்களுடைய 'சர்ச்சிங்', தேடல் என்னும் புதிய இசைத்தட்டு வெளிவந்தது. மிசிசிப்பியில் வெஸ்ட் பாயிண்ட் என்ற ஊரின் தேவாலயம் ஒன்றிலேயே நேரடியாகப் பதிவு செய்யப்பட்டது. தயாரித்தவர் சூடான் வழிவந்த இசைக்கலைஞர் அஹ்மத் கல்லாப். குடும்பத்தின் இளைய தலைமுறையினரும் உடன் இசைக்கின்றனர். குரல்கள் தாழ்ந்துவிட்டன, தாளம் நிதானமாகிவிட்டது. 1975இன் கூர்மை இதில் இல்லை. சில பாடல்கள் தேவைக்கு மேல் நீள்கின்றன என்பதையும் மறைப்பதற்கில்லை. ஆனால் அன்று கேள்வியாக எழுந்த குரல் இன்று பொறுமையாகப் பேசுகிறது. இதனைப் பழமை என்போர் பழமை எனட்டும். நமக்கு இது 'பிராமிசஸ்' போலவே இக்காலத்தின் இசை. இரண்டையும் ஒரே இரவில் அடுத்தடுத்துக் கேட்கலாம். எங்கும் தையல் தெரியாது.

உழைத்தவரின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கப் பணித்தது நம் மார்க்கம். அபர்டீன் பிள்ளைகளின் வியர்வை உலர்ந்து அரைநூற்றாண்டு ஆகிறது. அவர்கள் இன்னும் பாடிக்கொண்டிருக்கின்றனர் என்பது அவர்களுடைய பெருந்தன்மை. அதனைக் கண்டெடுத்தோம் என்று பெருமை பேசுவதற்கு முன், கணக்கேட்டைத் திறந்து எவ்வளவு பாக்கி என்று பார்ப்பதே முறையாகும்.